நெய்வேலி: ஒரு நிலக்கரி ஊரின் வரலாறும் குடிவாழ்வும்

(உத்திரமேரூரில் கூடிய நம் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஏரி நீரைப் பாய்ச்சி நெல் விளைத்து உண்ணும் இவ்வூராருக்கு நிலக்கரி ஊர் ஒன்றின் கதை எதற்கு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். நம் வீட்டில் எரியும் விளக்குக்கும், நம் கிணற்றில் ஓடும் மோட்டாருக்கும் வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூரிலிருந்து வந்துகொண்டிருக்கின்றது. இஃது ஒன்று. அந்த மின்சாரம் உண்டாவதற்காக நம்மைப் போன்ற உழவர்கள் தம் ஊரையும் வயலையும் விட்டு எழுந்து போயினர். இஃது இரண்டாவது. பயன் துய்ப்பவர், அப்பயனுக்கு விலை கொடுத்தவர் யாவர் என்று அறிந்திருத்தல் கடமையன்றோ? ஆதலின், தென்னார்க்காடு ஜில்லாவாக இருந்து இப்பொழுது கடலூர் மாவட்டமாக விளங்கும் நாட்டிலுள்ள நெய்வேலியைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

முதலில் அம்மண்ணின் இயல்பைக் கூறுகின்றேன். பண்ருட்டிக்கும் விருத்தாசலத்திற்கும் இடைப்பட்ட அச்செம்மண் நிலம் பலாவுக்கும் முந்திரிக்கும் பேர் போனது. மானாவாரியாக மணிலாவும் கம்பும் விளைந்த பூமி அது. அதன் அடியில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மண்மூடிப்போன காடுகள் பழுப்பு நிலக்கரியாக மாறிக் கிடந்தன. வங்காளம், பீகார்ப் பக்கத்துக் கருநிலக்கரியைப் போல் இது இறுகியதன்று. இதன் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். ஆகவே வெகுதூரம் ஏற்றிச் சென்று விற்பதற்கு ஏற்றதன்று. எடுத்த இடத்திலேயே எரித்து மின்சாரமாக்குவதே தக்கது. நெய்வேலி ஊர் ஏன் அவ்விடத்தில் எழுந்தது என்பதற்கு விடை இதிலேயே இருக்கின்றது. கரி ஊரை விட்டுப் போகாது. வெளிச்சம் மட்டும் கம்பி வழியே புறப்பட்டுப் போகும். ஆதலால் சுரங்கமும், அனல் மின் நிலையமும், தொழிலாளர் குடியிருப்பும் ஒன்றை ஒன்று ஒட்டியே அமைந்தன.

இப்படி ஒரு பொருள் அந்நாட்டில் உண்டு என்பதற்கு முன்னரே சில குறிகள் தென்பட்டதுண்டு. 1880-களில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த பாகூர்ப் பக்கத்தில் ஊற்றுக்கிணறு துளைத்தபொழுது இக்கரி காணப்பட்டது. எனினும் அதை எவரும் பெரிதாகத் தொடரவில்லை. பின்னர் 1930-களில் நெய்வேலியில் நிலக்கிழாராக இருந்த ஸ்ரீமான் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டார். நீரோடு கரிய பொருள் கலந்து வந்தது. மற்றொருவராயின் கிணறு கெட்டது என்று மண்ணை மூடிவிட்டுப் போயிருப்பர். அவரோ அஃது எரியும் தன்மையது என்று கண்டு, சென்னை அரசாங்கத்திற்கு அறிவித்து, அதனை ஆராயுமாறு விடாது வற்புறுத்தினார். பின்பு சுரங்கத்திற்காகத் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரையும் அளித்தார். 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் அங்கே பல துளைகள் இட்டு, கரி ஏராளமாக இருப்பதை உறுதி செய்தனர்.

கரி உண்டு என்று அறிந்தது எளிது, எடுப்பதுதான் அரிதாயிற்று. கரிப் படுகைக்கு மேலே பல பனை உயரத்திற்குக் கெட்டியான மண்ணும் மணற்கல்லும் கிடந்தன. கரிக்குக் கீழேயோ பெரும் ஊற்றுநீர் அழுத்தத்தோடு அடங்கியிருந்தது. மேல்மண்ணைத் தோண்டி எடுத்தவுடன் அவ்வூற்று அடியிலிருந்து கரிப் படுகையையே உடைத்துக்கொண்டு மேலெழும். 1950-களின் தொடக்கத்தில் சோதனைச் சுரங்கம் ஒன்று தோண்டி இதற்கு வழி தேடினர். சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் ஓயாது நீரை இறைத்து, ஊற்றின் அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரி எடுப்பது என்பது அவர்கள் கண்ட வழி. இன்றும் அப்படியே நடைபெறுகின்றது. நீர் இறைப்பது நின்றால் சுரங்கம் நில்லாது. நீருக்காகத் தோண்டிய குழியில் கரி கிடைத்தது. கரிக்காகத் தோண்டும் குழியிலோ நீரை ஓயாது வெளியேற்ற வேண்டியிருக்கின்றது!

அக்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்த காமராஜர் இத்தொழில் தமிழ்நாட்டில் நிலைபெறுவதில் மிகுந்த ஊக்கம் காட்டினார். 1956 நவம்பர் மாதத்தில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்னும் அரசாங்க நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியிலிருந்து, பெருஞ்சக்கரத்தில் வாளிகளைக் கோத்து மண்ணை வாரும் ராட்சத யந்திரங்கள் வந்தன. வாரிய மண்ணை மைல் கணக்காக நீண்ட ரப்பர்ப் பட்டைகள் சுமந்து சென்று கொட்டின. ஒரு டன் கரி கிடைக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும் என்றால் வேலையின் அளவை நீங்களே எண்ணிப் பாருங்கள். 1961 ஆகஸ்டு மாதத்தில் கரிப் படுகை வெளிச்சம் கண்டது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 1970-இல் 600 மெகாவாட் ஆற்றல் உடையதாக நிறைவுற்றது. பின்னர் இரண்டாம் சுரங்கமும், 1,470 மெகாவாட் ஆற்றலுடைய இரண்டாம் மின் நிலையமும் எழுந்தன. இன்று அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறி நடைபெறுகின்றது.

மின்சாரம் மட்டுமன்று. நம் மூத்தோருட் சிலர்க்கு லெகோ கரி நினைவிருக்கும். நெய்வேலிக் கரியைப் பதப்படுத்திக் கட்டிகளாக்கி அப்பெயரால் விற்றனர். புகையின்றி எரிந்த அக்கரி எத்தனையோ பட்டணத்து அடுப்புகளில் சோறு ஆக்கியது. அங்கேயே யூரியா உரமும் செய்யப்பட்டது. உரத் தொழிற்சாலையும் கரிக்கட்டித் தொழிற்சாலையும் பிற்காலத்தில் மூடப்பட்டுவிட்டன. எனினும் ஒரு தலைமுறைக்கு அடுப்பிலும் வயலிலும் நெய்வேலியின் பயன் சென்று சேர்ந்தது என்பது மறுக்கவியலாது.

இனி அவ்வூரின் குடிவாழ்வைப் பற்றிச் சொல்லுகின்றேன். முந்திரிக் காடாக இருந்த இடத்தில் நேர்க்கோடு போட்டதுபோல் வீதிகள் அமைத்து, வீதிக்கு இருமருங்கும் மரம் வைத்து, ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றற்கும் எண் கொடுத்தனர். அவ்வூரார் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்பொழுது, “எந்தத் தெரு?” என்று கேட்பதில்லை, “எத்தனையாவது வட்டம்?” என்றே கேட்பர். ஒவ்வொரு வீட்டிற்கும் சிறு தோட்டம் உண்டு. மாவும் பலாவும் முருங்கையும் அதில் நிற்கும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைவீதி, விளையாடுமிடம், கலியாணங்களும் நாடகங்களும் நடைபெறும் மண்டபம் முதலிய யாவும் நிறுவனத்தின் ஏற்பாட்டிலேயே உண்டாயின. சுரங்கத்தில் வேலை மூன்று ஷிப்டுகளாக நடைபெறுவதால் அவ்வூர் முழுவதும் ஒருசேர உறங்கியதில்லை. ஒரு வீட்டில் தகப்பனார் வேலைக்குப் புறப்படும் வேளையில் அடுத்த வீட்டில் ஒருவர் கரித்தூளோடு திரும்பி வருவார். இரவு வேலை செய்து பகலில் உறங்குபவர் வீட்டுக்கு அருகில் பிள்ளைகள் சத்தமின்றி விளையாடப் பழகிக்கொண்டனர்.

நம்மைப் போன்ற ஒரு குலச் சங்கத்தார் கருதவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. நம் ஊர்களில் வீதிகள் சாதியால் அமைந்தவை. அங்கே குடியிருப்புகளைப் பதவியைப் பார்த்து ஒதுக்கினர். தஞ்சைக்காரரும், திருநெல்வேலிக்காரரும், மலையாளத்தாரும், ஆந்திரரும், அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும், எல்லாக் குலத்தாரும் எல்லா மதத்தாரும் ஒரே வரிசையில் குடியிருந்தனர். ஒரு சுவருக்கு அப்பால் வேறு குலத்தார் சமைப்பதை எவரும் குறையாக எண்ணவில்லை. தீபாவளிப் பலகாரமும் ரம்ஜான் பிரியாணியும் கிறிஸ்துமஸ் கேக்கும் வீடு விட்டு வீடு போயின. இஃது அவ்வூர் நமக்குக் காட்டும் நல்வழி. எனினும் சாதித் தெரு ஒழிந்த இடத்தில் பதவித் தெரு வந்தது என்பதையும் மறைக்கலாகாது. உயர்ந்த உத்தியோகஸ்தர் வீடு பெரிது, வீதி அகலம். தொழிலாளி வீடு சிறிது, வீதி குறுகல். மனிதர் ஒரு வேலியை எடுத்துவிட்டு வேறொரு வேலி போட்டுக்கொள்கின்றனர்.

தெய்வ வழிபாட்டிலும் பழமையும் புதுமையும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன. வேலுடையான்பட்டு முருகன் கோயில், சுற்றியிருந்த கிராம வாழ்க்கை மாறியபின்னும் நகரத்தில் நிலைத்து நிற்கின்றது. பங்குனி உத்திரத்தன்று பல ஊரார் காவடி எடுத்து அங்கே திரளுகின்றனர். தம் ஊரை இழந்தவர்க்குத் திரும்பி வர அஃது ஓர் இடமாக இருக்கின்றது. ஐம்பொன்னாலான மிகப் பெரிய நடராசப் பெருமான் எழுந்தருளியுள்ள கோயிலோ நகரம் உண்டானபின் அமைந்தது. அறிவுத்துறையிலும் அவ்வூர் பின்தங்கவில்லை. 1998 முதல் அங்கு நடைபெற்றுவரும் புத்தகக் கண்காட்சி, ஜில்லாத் தலைநகரமல்லாத ஓர் ஊரில் புத்தகத் திருவிழா நடத்தலாம் என்பதைத் தமிழ்நாட்டிற்கு எடுத்துக்காட்டியது.

இத்துணை நலங்களையும் சொன்னபின், ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கின்றேன். அவ்வூரில் “இஃது என் வீடு” என்று சொல்லக்கூடியவர் யார்?

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தக சோழர் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நீங்கள் யாவரும் அறிவீர்கள். முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறை அதில் எழுதப்பட்டிருக்கின்றது. நிற்பவர்க்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்று யாது? காணிக்கடன் செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் மனையிலே வீடு கட்டிக்கொண்டு இருப்பவனாக இருக்க வேண்டும். அந்தச் சபை ஒரு சதுர்வேதிமங்கலத்துப் பிராமணப் பெருமக்களின் சபை என்பதும், அதில் மற்றக் குலத்தார்க்கும் பெண்டிர்க்கும் இடமிருக்கவில்லை என்பதும் உண்மையே. அக்குறையை நாம் மூடிமறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஊர்க் காரியம் பேசுபவன் அவ்வூர் மண்ணில் வேரூன்றியவனாக இருக்க வேண்டும் என்ற கருத்து எண்ணத் தக்கது.

நெய்வேலி நகரியத்தில் அவ்வாறு வேரூன்றியவர் எவருமிலர். மனையும் வீடும் நிறுவனத்தினுடையவை. தெருவும், குடிநீரும், விளக்கும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தார் பார்த்துக்கொள்வன. முப்பது ஆண்டு உழைத்த தொழிலாளி, தான் நட்ட மாமரம் காய்க்கும் காலத்தில், ஓய்வு பெற்று வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். சிலர் தம் பூர்விக ஊருக்குச் செல்வர். பலர் நகரத்தை விட்டுப் பிரிய மனமின்றி, வளைவுக்கு வெளியே வடக்குத்து, இந்திரா நகர் முதலிய இடங்களில் மனை வாங்கிக் குடியேறினர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பிறந்த ஊரின் பெயரைச் சொல்வர். பிறந்த வீட்டைக் காட்டப் போனால் அங்கே வேறொருவர் குடியிருப்பார்.

இது வந்தவர் கதை. அங்கேயே இருந்தவர் கதை இதனினும் துயரமானது. சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதன்று; கரியைத் தேடி ஆண்டுதோறும் முன்னேறிச் செல்வது. அது செல்லும் வழியிலுள்ள வயலும், வீடும், குலதெய்வக் கோயிலும், இடுகாடும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. 1950-களில் நிலம் கொடுத்தவர்கள் நாட்டு நன்மைக்கென்று நம்பிக் கொடுத்தனர். அன்று கிடைத்த ஈட்டுத்தொகை மிகச் சொற்பம். சில குடும்பத்தாருக்கு வேலை கிடைத்தது, பலர்க்குக் கிடைக்கவில்லை, கிடைத்தவருள்ளும் பலர் ஒப்பந்தக் கூலிகளாகவே காலம் கழித்தனர். ஒரே யந்திரத்தின் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவருள் நிரந்தர ஊழியருக்கு ஒரு சம்பளமும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறொரு கூலியும் என்ற வேற்றுமையே அவ்வூரின் பல வேலைநிறுத்தங்களுக்கு வேர். சுற்றுக் கிராமத்தார், தம் கிணறுகளில் நீர்மட்டம் கீழே போய்விட்டதென்று நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 2020-ஆம் ஆண்டு மே, ஜூலை ஆகிய இரு மாதங்களிலும் இரண்டாம் மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். நம் வீட்டு விளக்கு எரிவதற்கு மனித உயிரும் விலையாயிற்று.

2023 ஜூலை மாதத்தில் வளையமாதேவி என்னும் ஊரில் நிகழ்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். சுரங்க விஸ்தரிப்பின் பொருட்டு வாய்க்கால் வெட்டுவதற்காக, கதிர் தள்ளும் பருவத்து நெற்பயிரின்மீது யந்திரங்களை ஓட்டினர். நிலம் முன்னரே பெறப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். நிலம் சட்டப்படி எவருடையதாயினும், விளைந்துவரும் பயிரை அழிக்கக் கண்டு உழவன் மனம் பொறுக்குமா? அவ்விடத்திலிருந்து சில மைல் தொலைவில் வடலூர் இருக்கின்றது. பயிர் வாடினும் உள்ளம் நைந்த இராமலிங்க வள்ளலார் 1867-இல் அங்கே தருமசாலை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் பசித்தவர்க்குச் சோறிட்டு வருகின்றது. ஒரு பக்கம் அணையாத அன்ன அடுப்பு. மறு பக்கம் அணையாத மின்சார உலை. இரண்டும் உலகிற்கு வேண்டியனவே. ஆனால் முன்னதன் அருள் பின்னதை நடத்துபவர்க்கும் வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

கரியும் ஒரு நாள் தீரும். அல்லது கரியை எரிப்பதை உலகம் நிறுத்தும். 1962-இல் விளக்கேற்றிய முதல் மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. சுரங்கம் மூடினால் ஊர் என்னாகும் என்பதற்குக் கோலார் தங்கவயலே சான்று. நம் வட தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே சென்று, பூமிக்கடியில் வெகு ஆழத்தில் உழைத்தன. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் அது. 2001 பிப்ரவரி மாத இறுதியில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பின்னர் அவ்வூர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்கும் உத்தியோகத்திற்கும் போய் இரவில் திரும்புகின்றனர். ஒரே தொழிலை நம்பிய ஊர், அத்தொழில் மாய்ந்தால் தானும் தளரும்.

நிற்க. இவற்றால் நம் சங்கத்தார் மேற்கொள்ளத்தக்கவை யாவை? நெய்வேலிக்கு நேர்ந்தது நெய்வேலியோடு நிற்பதன்று. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பரந்தூரில் விமான நிலையம் அமைப்பது குறித்து 2022 முதல் எழுந்துள்ள கிளர்ச்சியை நீங்கள் அறிவீர்கள். அத்திட்டம் நன்றா தீதா என்று இம்மேடையில் தீர்ப்புச் சொல்ல யான் வரவில்லை. எவ்வூருக்கும் எந்நாளும் இத்தகைய கேள்வி வரக்கூடும்; வரும்பொழுது ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே யான் சொல்ல வந்தது.

முதலாவது, நம் குடும்பங்களின் நிலப் பத்திரங்களைச் செம்மை செய்துகொள்ள வேண்டும். பாட்டனார் பெயரிலேயே பட்டா இருக்க, பங்காளிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்து உழுதுவரும் வழக்கம் நம்மிடையே மிகுதி. நிலம் கேட்டு அரசாங்க அறிவிப்பு வரும் நாளில் அவர்கள் ஒருவரோடொருவர் வழக்காடுவதிலேயே ஈட்டுத்தொகை கரைந்துவிடும். பெண்மக்களின் பங்கையும் மறவாமல் அதில் எழுதுங்கள். குத்தகைக்கு உழுபவரும் கூலிக்கு உழைப்பவரும் நிலம் போனால் பத்திரமின்றி வெறுங்கையோடு நிற்பர். அவர்களுக்காகப் பேசுவதும் நம் கடமை.

இரண்டாவது, கிராம சபைக்குத் தவறாமல் செல்ல வேண்டும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் சுற்றுக் கிராமங்களில் கூடும் சபைகளில் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கலைவதை நான் கண்டிருக்கின்றேன். குடவோலைக் கல்வெட்டைப் பிறர்க்குக் காட்டிப் பெருமை பேசும் நாம், நமக்கு இன்று எல்லாக் குலத்தார்க்கும் ஆண் பெண் இருபாலார்க்கும் கிடைத்துள்ள சபையை வெறுமையாக விடலாமா?

மூன்றாவதே யான் மிகவும் முக்கியமாகக் கருதுவது. நம் ஒவ்வொரு கிராமத்தின் வரலாற்றையும் எழுதி வைக்க வேண்டும். ஏரியின் பெயர், மதகுகளின் பெயர், வயல்களின் பெயர், குலதெய்வம், திருவிழா முறை, எந்தக் குடும்பம் எப்பொழுது எங்கிருந்து வந்தது என்பன யாவும் முதியோர் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் ஏரி வாரியத்திற்கு ஆறு பேரைத் தெரிந்தெடுத்தனர் என்பது நமக்கு எவ்வாறு தெரியும்? அவர்கள் கல்லில் எழுதி வைத்தமையால் அன்றோ? நெய்வேலிச் சுரங்கம் உண்ட ஊர்களிலும் ஏரியைக் காத்தவர் இருந்தனர். வழக்கைத் தீர்த்தவர் இருந்தனர். தேர் இழுத்தவர் இருந்தனர். அவர்களுக்கு அத்தகைய கல் இல்லை. அம்முதியோர் மறைந்தால் அவ்வூர்கள் இரண்டாம் முறையும் மறையும்.

ஆகையால் நம் சங்கப் பத்திரிகையில் மாதம் ஓர் ஊராக இத்தகைய வரலாறுகளை வெளியிட வேண்டுமென்று தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கின்றேன். நம் குலத்தார் வரலாற்றை மட்டுமன்றி, அவ்வூரில் வாழ்ந்த எல்லாக் குலத்தார் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்; ஊர் என்பது ஒருவருடையதன்று. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் இப்பணியை மேற்கொள்வாராயின், முதியோர் மகிழ்வர். பிள்ளைகளும் தம் மண்ணை அறிவர்.

இந்நற்பணி இவ்வாண்டிலேயே தொடங்குக என்று வேண்டி, என் சொற்பொழிவை முடித்துக்கொள்கின்றேன்.